மிர்டாசபின் அளவைக் கூட்டிய பிறகு இரவில் தாங்க முடியாத கால் குடைச்சல்: இது மருந்தின் விளைவா, நோயின் பதற்றமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 51. மனச்சோர்வுக்காகக் கடந்த ஆண்டிலிருந்து மனநல மருத்துவர் ஒருவரிடம் சிகிச்சை பெற்று வருகிறார். தொடக்கத்தில் எஸ்சிடாலோபிராம் 10 மி.கி. மட்டும் தரப்பட்டது. அழுகையும் ஓயாத கவலையும் அதில் குறைந்தன. ஆனால் பசியும் தூக்கமும் திரும்பாமல் உடல் எடை இறங்கிக்கொண்டே போனதால், இரவுக்கு மிர்டாசபின் 7.5 மி.கி. சேர்த்தார்கள், பிறகு அதை 15 ஆக்கினார்கள். அம்மாவுக்குப் பசி எடுத்தது, முகமும் தெளிந்தது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

15 மி.கி. தொடங்கிய அதே வாரத்தில் வேறொரு தொல்லை ஆரம்பித்தது. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கும் சதைக்கும் நடுவில் ஏதோ குடைகிறது என்கிறார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். மரத்துப் போகிறதா என்றால் அதுவும் இல்லையாம். "காலைக் கழட்டி ஓரமா வச்சுட்டுப் படுக்கலாம்போல இருக்கு" என்று ஒருநாள் சொன்னார். எழுந்து நடந்தால் தணிகிறது, படுத்தால் மறுபடியும் தொடங்குகிறது. நள்ளிரவு தாண்டியும் கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடக்கிறார். வெறும் தரையில் பாதத்தைத் தேய்க்கிறார். என் மகளை எழுப்பிக் காலின்மேல் ஏறி மிதிக்கச் சொல்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு மேல்தான் அயர்ந்து தூங்குகிறார். முற்பகலில் இந்தத் தொல்லை அறவே இல்லை.

மருத்துவரிடம் "ராத்திரி எல்லாம் நிலைகொள்ளாமல் நடக்கிறார்" என்று சொன்னோம். பதற்றம் கூடியிருக்கிறது என்று மிர்டாசபினை 30 மி.கி. ஆக உயர்த்தினார். அதன் பிறகு குடைச்சல் மாலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறது. இரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் தைராய்டும் இயல்பாக இருக்கின்றன, ஹீமோகுளோபின் 12.1. உறவினர்கள் அனைவரும் "மனநோய் மாத்திரையை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள். மருந்தே இப்படிச் செய்யுமா? செய்யுமென்றால் நாங்களாக நிறுத்தலாமா, அல்லது மருத்துவரிடம் இதை வேறு விதமாக எடுத்துச் சொல்ல வேண்டுமா?


இரவுநடை எழுதியது:

செய்யும். எனக்குச் செய்திருக்கிறது. இருமுனையக் கோளாறுக்காக லித்தியம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, தூக்கத்துக்கென்று குவெட்டியபின் சேர்த்தபோது இதே தொல்லை வந்தது. மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் கண் சொருகும். ஆனால் கால் தூங்க விடாது. அந்த அரைமயக்கத்தில் எழுந்து நடப்பதைப்போல் அலுப்பூட்டும் வேலை உலகத்தில் வேறு இல்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். "நிலைகொள்ளவில்லை", "படபடப்பு", "தூக்கமில்லை" என்ற சொற்களை மனநல மருத்துவரின் அறையில் சொன்னால், அவை நோயின் கணக்கில்தான் எழுதப்படும். நான் ஒரு தாளில் மாத்திரை போட்ட நேரம், குடைச்சல் தொடங்கிய நேரம், அப்போது உட்கார்ந்திருந்தேனா படுத்திருந்தேனா, எதைச் செய்தபோது தணிந்தது என்பதை மட்டும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் படித்த பிறகுதான் பேச்சு மனத்திலிருந்து காலுக்கு வந்தது.

இன்னொரு சிறு செய்தி: மனம் ஊன்றிச் செய்யும் வேலை ஏதாவது கையில் இருந்தால், உட்கார்ந்திருக்கும்போதுகூடக் குடைச்சல் அடங்கியிருக்கும். எனக்குக் குறுக்கெழுத்துப் புதிர். உங்கள் அம்மாவுக்குப் பூத் தொடுப்பதாகவோ வேறு கைவேலையாகவோ இருக்கலாம். வெறுமனே தொலைக்காட்சி பார்ப்பது எனக்கு உதவவில்லை.


நெய்தல் எழுதியது:

நான் மனநல மருத்துவராகப் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காத ஒருவருக்கு நோயின் பெயரை உறுதிபடச் சொல்வது முறையாகாது. ஆனாலும் நான் கேட்க நினைத்த கேள்விகள் பலவற்றுக்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல், ஓய்வாக இருக்கும்போது அது தொடங்குவது, நடந்தால் தணிவது, மாலையிலும் இரவிலும் மிகுவது, தசைப்பிடிப்போ நரம்புப் பாதிப்போ மூட்டுவலியோ அதற்குக் காரணமாக இல்லாதிருப்பது ஆகிய அனைத்தும் பொருந்தினால் அதை ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்கிறோம். ஸ்வீடன் நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் 1945இல் இதை விரிவாக வருணித்து எழுதினார் என்பதால் எக்போமின் பெயராலும் இது வழங்குகிறது. எந்த ஸ்கேனிலும் இது தெரியாது; நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டுத்தான் கண்டறிய முடியும். நம் ஊரில் நோயாளிகள் இதைக் குடைச்சல் என்றும் உளைச்சல் என்றும் சரியாகத்தான் சொல்கிறார்கள். கேட்கிற நாங்கள்தான் அதை வயதின் அசதி என்றோ மனப் பதற்றம் என்றோ மொழிபெயர்த்துக்கொண்டு அடுத்த நோயாளியை அழைத்துவிடுகிறோம்.

மனநல மருந்துகளில் இந்தத் தொல்லையோடு மிகுதியாகத் தொடர்புபடுத்தப்படுவது மிர்டாசபின்தான். ஜெர்மனியில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய தலைமுறை மனச்சோர்வு மருந்துகளைத் தொடங்கிய 271 பேரில் சுமார் 9 விழுக்காட்டினருக்குக் கால் தொல்லை புதிதாகத் தோன்றியது, அல்லது முன்பே இருந்தது மோசமாயிற்று. மிர்டாசபின் எடுத்தவர்களை மட்டும் தனியே பார்த்தால் அது 28 விழுக்காடாக இருந்தது. எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் போன்றவையும் இதைத் தூண்டக்கூடும். ஆக, உங்கள் அம்மா எடுத்துக்கொள்ளும் இரண்டு மருந்துகளுமே ஐயத்துக்குரியவை. மனநல மருத்துவத்தில் பயன்படும் ஓலன்சபின், குவெட்டியபின், லித்தியம், அமிட்ரிப்டிலின் ஆகியவற்றாலும் இது ஏற்படுவது பதிவாகியிருக்கிறது. மருந்தைத் தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில நாட்களுக்குள் தொல்லை தோன்றுவது, அளவை மேலும் கூட்டியதும் அது முன்னதாகவும் கடுமையாகவும் வருவது என்ற இரண்டும் உங்கள் அம்மாவிடம் இருக்கின்றன. இதற்கு மேல் மருந்தின்மீது ஐயம் கொள்ள வேறு சான்று தேவையில்லை என்பது என் கருத்து.

ஆனால் மருந்து மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒரே மருந்தை எடுக்கும் பலருக்கு இது வருவதில்லை. வருகிறவர்களிடம் பெரும்பாலும் வேறொன்றும் சேர்ந்திருக்கும்: குடும்பத்தில் யாருக்காவது இதே தொல்லை, சிறுநீரகச் செயலிழப்பு, எல்லாவற்றையும்விட அடிக்கடி இரும்புச்சத்துக் குறைவு. மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் உருவாவதற்கு வேண்டிய நொதி இரும்பின்றி இயங்காது. இரவில் உடலின் இயல்பான சுழற்சியிலேயே டோபமின் செயல்பாடு தாழும். இரும்பு குறைந்த மூளையில் அந்தத் தாழ்வு தாங்கமுடியாததாகிறது என்றும், செரடோனினைக் கூட்டும் மருந்துகளும் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகளும் அதை மேலும் கெடுக்கின்றன என்றும் கருதப்படுகிறது. மிர்டாசபினில் இந்த இரண்டு தன்மைகளுமே உண்டு.

ஹீமோகுளோபின் 12.1 என்பதைப் பார்த்து இரும்பு போதுமானது என்று முடிவு செய்ய வேண்டாம். உடல் தன் சேமிப்பை எல்லாம் செலவழித்த பிறகே ஹீமோகுளோபினைக் குறைய விடும். பார்க்க வேண்டியது இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின். அதோடு, இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எவ்வளவு பங்கு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு விழுக்காட்டையும் கேளுங்கள். இரண்டையும் காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. பல ஆய்வகத் தாள்களில் ஃபெரிட்டின் 10 அல்லது 15 நானோகிராம் இருந்தாலே இயல்பு என்று அச்சிட்டிருக்கும். ஆனால் இந்த நோய்க்கான பன்னாட்டு வல்லுநர் குழு 2018இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம். காய்ச்சலோ தொற்றோ இருக்கும் வாரத்தில் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் அப்போது எடுக்காதீர்கள். வைட்டமின் பி12, கிரியாட்டினின் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 51 வயது என்கிறீர்கள். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் மிகுந்த இரத்தப்போக்கு இருந்ததா?

இங்கே இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். மனநல மருந்துகளால் வரும் அகதீசியா என்ற வேறொரு நிலைகொள்ளாமை உண்டு. செக் நாட்டு மருத்துவர் லாடிஸ்லாவ் ஹாஷ்கோவெட்ஸ் அதற்குப் பெயரிட்டது 1901இல். முதல் மனப்பிறழ்வு மருந்தான குளோர்ப்ரோமசின் பயன்பாட்டுக்கு வந்ததோ 1952இல். மருந்துக்கு அரை நூற்றாண்டு முன்பே பெயர் வந்துவிட்டது என்பது வியப்புக்குரியது. இன்று நாம் காணும் அகதீசியாவில் பெரும்பகுதி மருந்தால்தான் வருகிறது. அது கால்களோடு நிற்பதில்லை. உள்ளுக்குள் முழு உடலையும் பிடித்து உலுக்கும். பகல், இரவு என்ற வேறுபாடு அதற்குப் பெரிதாக இல்லை. உட்கார்ந்தாலும் நின்றாலும் தவிப்புத்தான். படுத்தால் சிலருக்குச் சற்றுத் தணிவதுகூட உண்டு. உங்கள் அம்மாவுக்கு முற்பகல் முழுவதும் தெளிவாக இருக்கிறது என்பதால் அதற்கான வாய்ப்புக் குறைவு என்று நினைக்கிறேன். இருப்பினும் "செத்துவிடலாம்போல் இருக்கிறது" என்ற பேச்சு வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அகதீசியாவின் தவிப்பு தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடியது. இரவு நேரத்தில் யாரை அணுகுவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம்.

நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, உறக்கமின்மை ஆகியவை வரக்கூடும். அவற்றைவிடப் பெரிது, மனச்சோர்வு திரும்புவது. பசியும் எடையும் மீண்டது இந்த மருந்தால்தான் என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்த முறைக்காகக் காத்திராமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். 15 ஆக்கிய வாரத்தில் தொடங்கியது, 30 ஆக்கியபின் மாலையிலேயே வருகிறது, நடந்தால் தணிகிறது, முற்பகலில் இல்லை என்று நீங்கள் இங்கே எழுதியதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். "இது ரெஸ்ட்லெஸ் லெக்ஸாக இருக்கலாமா?" என்று பெயரைச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. மருத்துவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தயங்க வேண்டாம். கோபித்துக்கொள்கிறவர்களும் பிறகு யோசிப்பார்கள்.


பனையோலை எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நெய்தல் ஐயா அகதீசியா பற்றிக் குறிப்பிட்டதால், அதை வீட்டிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிலருக்கு உதவக்கூடும்.

என் மகன் மனச்சிதைவு நோய்க்கு ரிஸ்பெரிடோன் குளிசை எடுப்பவர். அளவைக் கூட்டிய பிறகு ஐந்து நிமிடங்கள் ஒரு கதிரையில் இருக்க அவரால் முடியவில்லை. காலை, மதியம், இரவு என்ற கணக்கே இல்லை. சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தபடியே சாப்பிட்டார். நடந்தாலும் அவருக்கு ஆறுதல் இருக்கவில்லை. நடக்காமல் இருக்க முடியவில்லை என்பதால் நடந்தார், அவ்வளவுதான். வருத்தம், அதாவது நோய், கூடிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். கிளினிக்கிலும் முதலில் அப்படியே நினைத்து இன்னும் ஒரு குளிசை கூட்டினார்கள். பிறகு ஒருநாள் வரிசையில் நிற்கும்போது, இடது காலிலிருந்து வலது காலுக்கும் வலது காலிலிருந்து இடது காலுக்குமாக அவர் விடாமல் உடம்பின் பாரத்தை மாற்றிக்கொண்டு நிற்பதைத் தாதி ஒருவர் கவனித்து உள்ளே போய் வைத்தியரிடம் சொன்னார். அளவைக் குறைத்து, ப்ரோப்ரனலோல் தந்தார்கள். சிறிது சிறிதாக அடங்கியது.

"உனக்குப் பதற்றமாக இருக்கிறதா?" என்று எல்லோரும் கேட்டார்கள், அவரும் "ஓம்" என்றார். "எங்கே இருக்கிறது? எந்த நேரத்தில்? எப்படி இருந்தால் குறைகிறது?" என்று எவரும் கேட்கவில்லை. வைகைக்கரை அவர்களே, உங்கள் அம்மாவிடம் அதைக் கேட்டு அழகாக எழுதியிருக்கிறீர்கள். இலங்கையில் உள்ளவர்களுக்காக ஒரு குறிப்பு: தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926.


மருந்துச்சீட்டு எழுதியது:

நான் மருந்தாளுநர். வைகைக்கரைக்கு ஒரு கேள்வி. மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்தவை தவிர, அம்மா கடையில் வாங்கி எடுத்துக்கொள்ளும் மாத்திரை ஏதாவது உண்டா? குறிப்பாக மூக்கடைப்பு, தும்மல், அரிப்பு, வாந்தி, பயணக் குமட்டல் ஆகியவற்றுக்கு?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. குளோர்பெனிரமைன், ஃபெனிரமைன், டைஃபென்ஹைட்ரமைன், ப்ரோமெதசின் என்ற பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள் சென்று ஹிஸ்டமினைத் தடுப்பவை. கால் குடைச்சல் உள்ளவர்களுக்கு அதை வெகுவாகக் கூட்டக்கூடியவை. எங்கள் கடைக்கு வந்து "அவில் ஒண்ணு கொடுங்க" என்று ஃபெனிரமைனை அதன் வணிகப் பெயரால் கேட்கிறவர்களில் பாதிப்பேர் அதைத் தூக்க மாத்திரையாகத்தான் பயன்படுத்துகிறார்கள். சளிக்கு வாங்கும் கூட்டு மாத்திரைகளிலும் இருமல் சிரப்புகளிலும் குளோர்பெனிரமைன் பெயர் தெரியாமல் உள்ளே இருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால்தான் தெரியும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும், ப்ரோகுளோர்பெரசினும் டோபமினைத் தடுப்பவை. இந்தத் தொல்லையையும் கூட்டும், அகதீசியாவையும் தரும். ஒவ்வாமைக்கு மருந்து தேவைதான் என்றால், ஃபெக்சோஃபெனடின் போன்ற, மூளைக்குள் அதிகம் நுழையாத ஒன்றை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.

மாலைக்குமேல் காபி, தேநீர் குடிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் கேட்டதை எல்லாம் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன். கருப்பையில் நார்க்கட்டி இருப்பதாகச் சில ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள்; மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய காலத்தில் இரத்தப்போக்கு மிக அதிகமாக இருந்திருக்கிறது. அதற்கு இரும்பு மாத்திரை கொடுத்தபோது மலச்சிக்கல் வந்ததால் பாதியிலேயே விட்டுவிட்டாராம். சாப்பாடு முடிந்த கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம் என் நினைவு தெரிந்த நாளிலிருந்து உண்டு.

மருந்துச்சீட்டு அவர்கள் கேட்டதற்கும் விடை இருக்கிறது. இரவில் தூக்கம் வராததால், பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொடுத்த "அரிப்பு மாத்திரை"யை அவ்வப்போது எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அட்டையைப் பார்த்தேன்: ஃபெனிரமைன். அது சாப்பிட்ட இரவுகளில் குடைச்சல் கூடுதலாக இருந்ததா என்று கேட்டதற்கு, "ஆமா, ஆனா அதைச் சாப்பிட்டும் தூங்கலையேன்னு இன்னொண்ணு போட்டேன்" என்றார்.


கொன்றைமரம் எழுதியது:

என் தந்தைக்கும் கால் குடைச்சல் இருந்தது. அவருக்கு மனநல மருந்து எதுவும் கிடையாது. நரம்பியல் மருத்துவர் பிராமிபெக்சோல் 0.125 மி.கி. எழுதினார். முதல் இரவே ஆழ்ந்து தூங்கினார். இத்தனை எளிதான மருந்து இருக்கும்போது, மனநல மருந்தை மாற்றுவதைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்? அதன்மேலேயே இதையும் சேர்த்துக்கொண்டால் போதாதா?


நெய்தல் எழுதியது:

கொன்றைமரம் அவர்களின் கேள்வி நியாயமானது. பல மருத்துவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மனநல மருந்து எடுப்பவர்களுக்கு இது கத்திமேல் நடப்பது. பிராமிபெக்சோலும் ரோபினிரோலும் டோபமினைப்போல வேலை செய்பவை. மனச்சிதைவு உள்ள ஒருவருக்கு ஒரு கையால் டோபமினைத் தடுக்கும் மருந்தையும் மறு கையால் அதைத் தூண்டும் மருந்தையும் கொடுத்தால், மாயக்குரல்களும் சந்தேகங்களும் திரும்பிவரக்கூடும். இருமுனையக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவுமீறிய மனவெழுச்சி (மேனியா) வரக்கூடும். மனநோய் எதுவும் இல்லாதவர்களிடமும் சூதாட்டம், அளவற்ற பொருள் வாங்குதல், பாலுணர்வு மிகுதி போன்ற கட்டுப்படுத்த இயலாத உந்துதல்களை இவை ஏற்படுத்துவது உண்டு. குடும்பத்தினர் இதை ஒழுக்கக்கேடு என்று நினைத்துக்கொண்டு, மருத்துவரிடம் சொல்லவே மாட்டார்கள். உங்கள் தந்தையிடம் அப்படி எதுவும் தென்படுகிறதா என்று கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் இரவில் அற்புதமாகத் தெரியும் இந்த மருந்துகள், மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பலருக்கு நோயையே கடுமையாக்குகின்றன. இரவில் மட்டும் வந்த குடைச்சல் பிற்பகலிலேயே தொடங்கும், கைகளுக்கும் பரவும். அளவைக் கூட்டினால் சிறிது காலம் தணிந்து, பிறகு மேலும் மோசமாகும். இக்காரணத்தால்தான் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2025ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இவற்றை வழக்கமான முதல் மருந்தாகப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்கிறது. கபாபென்டின், ப்ரீகாபலின், தேவையானவர்களுக்குச் சிரைவழி இரும்பு ஆகியவற்றையே அது முன்வைக்கிறது. கபாபென்டினும் ப்ரீகாபலினும் குற்றமற்றவை அல்ல. தலைச்சுற்றலும் தள்ளாட்டமும் வரும். முதியவர்கள் இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது விழுந்துவிடுவார்கள். சிறுநீரகச் செயல்பாட்டுக்கு ஏற்ப அளவைக் குறைக்க வேண்டும்.

ஆகவே ஒரு மருந்தின் விளைவை இன்னொரு மருந்தால் மூடுவதற்கு முன்பு, எதை எடுத்துவிடலாம் என்று பார்ப்பதே முறை. வைகைக்கரையின் அம்மா விஷயத்தில் எடுத்துவிடக்கூடிய முதல் பொருள் கண்முன்னே இருக்கிறது: அந்த ஃபெனிரமைன். அதை நிறுத்த யாருடைய அனுமதியும் வேண்டாம். அடுத்தது மிர்டாசபினின் அளவு. அதைக் குறைப்பதா, முழுவதும் மாற்றுவதா என்பது அவருடைய மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு, எளிதான முடிவும் அல்ல. கால் குடைச்சலைக் கூட்டாத மனச்சோர்வு மருந்து என்று பியூப்ரோபியானைச் சொல்வோம். ஆனால் அது பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்குத் தரவே கூடாது. எடை இறங்கி, தூங்காமல் இருந்த ஒருவருக்கு அதைத் தொடங்க நானே தயங்குவேன். இந்த நிலையில் மிர்டாசபினைப் பழைய சிறிய அளவுக்குக் கொண்டுவந்து, இரும்பை நிரப்பி, சில வாரங்கள் பொறுத்துப் பார்ப்பது பல நேரங்களில் போதுமானதாக இருக்கும். போதாவிட்டால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

பனையோலை அம்மா எழுதியதைப் பார்த்ததும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வந்தது. அகதீசியாவுக்கு ப்ரோப்ரனலோல் பொருந்தாதவர்களுக்கு, எடுத்துக்காட்டாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, சிறிய அளவு மிர்டாசபினே சில நேரம் மருந்தாகத் தரப்படுகிறது. ஒரு நிலைகொள்ளாமையைத் தணிக்கும் அதே மாத்திரை இன்னொரு நிலைகொள்ளாமையைக் கிளப்பிவிடுகிறது. பெயரைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் அளவைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.


வைகைக்கரை எழுதியது:

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். இரவுநடை சொன்னபடி நேரங்களை எழுதிய தாளைத்தான் முதலில் நீட்டினேன். அவர் அதை இருமுறை படித்தார். பிறகு அம்மாவிடம் நேராக, "உட்கார்ந்தா வருதா, நின்னா வருதா?" என்று கேட்டார். அம்மா அந்த அறையில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அம்மாவின் அம்மாவும் இரவெல்லாம் கால்களை ஒரு துணியால் இறுகக் கட்டிக்கொண்டுதான் படுப்பாராம்; இது எனக்கே புதிய செய்தி.

ஃபெரிட்டின் 16 வந்திருக்கிறது. ஆய்வகத் தாளில் அதற்கு எதிரே இயல்பு என்றுதான் போட்டிருக்கிறது. மிர்டாசபினைப் படிப்படியாக 7.5க்குக் குறைக்கச் சொல்லி அட்டவணை எழுதிக் கொடுத்தார். எஸ்சிடாலோபிராம் இப்போதைக்கு அப்படியே தொடர்கிறது; தேவைப்பட்டால் அதையும் பிறகு பார்க்கலாம் என்றார். இரும்பு மாத்திரை எழுதியிருக்கிறார். நார்க்கட்டிக்காக மகப்பேறு மருத்துவரையும் பார்க்கச் சொன்னார். அரிப்பு மாத்திரையை நிறுத்தி, மிர்டாசபின் 15க்கு வந்திருக்கும் இந்நிலையில், குடைச்சல் மறுபடியும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. தூக்கம் இன்னும் முழுமையாக வரவில்லை.

இரும்பு மாத்திரையைப் பற்றித்தான் அம்மாவுக்கு அச்சம்; பழைய மலச்சிக்கலை நினைத்துத் தயங்குகிறார். எப்படி எடுத்துக்கொண்டால் தாங்கும்?


மருந்துச்சீட்டு எழுதியது:

தினமும் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரும்பை ஒருநாள் எடுத்தால், அடுத்த ஒருநாள் குடல் அதை உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற சுரப்பு உயர்ந்துவிடுகிறது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடலில் சேரும் பங்கு கூடுகிறது. வயிற்றுத் தொல்லையும் பலருக்குக் குறைகிறது. உங்கள் மருத்துவரிடம் இந்த முறை அம்மாவுக்குப் பொருந்துமா என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடோ நெல்லிக்காயோடோ எடுப்பது நல்லது. குமட்டினால் சிறிது உணவோடு எடுக்கலாம். தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை, அமிலத்தைத் தணிக்கும் மருந்து ஆகியவற்றுக்கும் இரும்புக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் தேநீரைக் கைவிட முடியாவிட்டாலும் தள்ளிப்போடச் சொல்லுங்கள்; உணவிலுள்ள இரும்பையும் அது தடுக்கிறது. மலம் கறுத்துப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்கு நீரும் கீரையும் போதாவிட்டால் லாக்டுலோஸ் போன்ற ஒன்றை மருத்துவர் எழுதித் தருவார். அதற்காக இரும்பைப் பாதியில் விட்டுவிட வேண்டாம்.

ஃபெரிட்டின் 16இலிருந்து 75க்கு மேல் ஏறுவது ஓரிரு வாரங்களில் நடக்கிற காரியம் அல்ல. மூன்று மாதம் கழித்து மறுபடியும் பரிசோதியுங்கள். அப்போது இரும்பு மாத்திரையை ஓரிரு நாள் முன்னதாகவே நிறுத்திவிட்டு, காலை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுங்கள். அப்போதும் ஏறாமலிருந்தாலோ, மாத்திரையை வயிறு ஏற்காவிட்டாலோ, சிரைவழியாக இரும்பு ஏற்றுவதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடமும் அந்த மாத்திரையை எதற்காக எடுக்கிறார் என்று ஒருமுறை விசாரியுங்கள்.